இறக்கத்தில் மட்டும் ஓடும் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெடலும் மோட்டாரும் இல்லாமல், மலைச்சரிவின் இழுப்பை மட்டுமே நம்பி ஓடும் ‘கிராவிட்டி பைக்’ பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் தம்பி ஓட்டிய பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஒன்று கிடக்கிறது. பெடலையும் செயினையும் கழற்றிவிட்டால் அதுவே கிராவிட்டி பைக் ஆகிவிடாதா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: தொடங்குவதற்கு அது சரியான பொருள்தான். கலிபோர்னியாவின் மலைச்சாலைகளில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்களும் 20 அங்குலச் சக்கரமுள்ள பி.எம்.எக்ஸ். சைக்கிள்களின் சட்டங்களைத்தான் (ஃபிரேம்) வெட்டி ஒட்டினார்கள். பிறகு போட்டி அமைப்புகள் விதி வகுத்தபோது அந்தச் சக்கர அளவையே உச்சவரம்பாக வைத்துக்கொண்டன. ஆனால் பெடலைக் கழற்றுவது வேலையில் மிகச் சிறிய பகுதி. பெடல் போனால் கால் வைக்க இடமில்லை. ஆகவே பின்சக்கர அச்சுக்கு அருகில் இரண்டு பக்கமும் கால்கட்டைகள் வேண்டும். முழங்கால் பதிய இரண்டு தட்டுகளும், மார்பு சாய ஒரு மெத்தையும் வேண்டும். ஹேண்டில்பார் தாழ்ந்தும் குறுகியும் இருக்க வேண்டும். ஓட்டுபவர் ஏறக்குறையக் குப்புறப் படுத்த நிலையில், முகத்தை மட்டும் நிமிர்த்தி ஓட்டுகிறார். அந்த நிலையில் இருந்தபடியே இரண்டு பிரேக் நெம்புகோல்களும் விரலுக்கு எட்ட வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பிறகு மற்ற அளவுகளைத் தீர்மானியுங்கள்.

சட்டம் எஃகா அலுமினியமா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அந்தச் சட்டத்தைத் திரும்ப மாடியிலேயே வைத்துவிடுங்கள். சைக்கிள் அலுமினியம் வெப்பப் பதம் கொடுத்து வலுவேற்றப்பட்டது. வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி அந்த வலு பெருமளவு போய்விடும், மீண்டும் பதம் கொடுக்கப் பெரிய உலை வேண்டும். எஃகுக் குழாய் இந்த விஷயத்தில் பொறுமையானது.

கேள்வி: நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நண்பருக்காகச் சட்டத்தை நீட்டித் தரச் சம்மதித்திருக்கிறேன். எங்கே வெட்டுவது, எவ்வளவு நீட்டுவது? (வாசகர், சேலம்)

பதில்: பின்னால் வெட்டுங்கள், முன்னால் கை வைக்க வேண்டாம். ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாயும் அதில் வந்து சேரும் இரண்டு குழாய்களும்தான் பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் அதிக விசையைத் தாங்குபவை. செயின் இல்லாத வண்டிக்குப் பின்பக்கம் எவ்வளவு நீண்டாலும் தொல்லையில்லை என்பதால், நீட்டிப்பு முழுவதையும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் பின்முக்கோணத்திலேயே முடித்துவிடலாம். சாதாரண பி.எம்.எக்ஸ். சைக்கிளில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 950 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அதை 1,100 ஆக்கினால் வண்டி நேராகப் போகும் குணம் தெளிவாகக் கூடும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் விழும். மெக்கானிக்குகள் டிரெயில் என்று சொல்லும் இந்த இடைவெளிதான் முன்சக்கரத்தைத் தானாக நேராக்குகிறது. பெரிய சக்கரமுள்ள சாலைப் பந்தய சைக்கிளில் இது 55 முதல் 60 மில்லிமீட்டர் வரை இருக்கும். முன்குழாய் 74 டிகிரி நிமிர்ந்தும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் முன்வளைவு 32 மில்லிமீட்டராகவும் உள்ள பி.எம்.எக்ஸ். சைக்கிளில், சக்கரம் சிறியது என்பதால் இது 37 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிடுகிறது. தெருவில் சட்டென்று திருப்பி விளையாட அது வசதி. 80 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே ஆபத்து.

முன்குழாயைத் தொடாமலே இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பின்பக்கத்தை நீட்டும்போது, பின்அச்சைத் தாங்கும் தகடுகளைப் பழைய உயரத்தில் வைக்காமல் 75 மில்லிமீட்டர் மேலே வைத்து ஒட்டுங்கள். அப்போது சட்டத்தின் பின்பாகம் தாழ்கிறது. 1,100 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது ஏறக்குறைய 4 டிகிரி சாய்வாகி, முன்குழாய் 70 டிகிரிக்கு வருகிறது. டிரெயில் 55 மில்லிமீட்டர் ஆகிவிடும். வண்டி தாழ்வது இன்னொரு லாபம்.

கேட்டும் கிரில்லும் அடிக்கும் ஆர்க் வெல்டிங் மெஷினை நல்ல சைக்கிள் குழாயின் மேல் வைக்காதீர்கள். 1 மில்லிமீட்டர் அளவே உள்ள குழாய்ச்சுவர் ஓட்டையாகும், அல்லது ஓரத்தில் பள்ளம் விழுந்து பின்னாளில் அங்கேயே விரிசல் ஓடும். மெல்லிய குழாய்க்கு ஏற்ற டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டு சக்கரத்தையும் மாட்டி, முன்னும் பின்னும் நூல் பிடித்து, ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே முழு ஒட்டும் போட வேண்டும். அதுவரை புள்ளி வைத்துப் பிடித்தால் போதும்.

கேள்வி: எடை கூடினால் வேகம் கூடும் என்கிறார்களே, கலீலியோ அப்படிச் சொல்லவில்லையே? எவ்வளவு ஈயம் ஏற்றலாம்? (ஆசிரியர், கரூர்)

பதில்: கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழும் என்று கலீலியோ சொன்னது காற்றின் தடையை நீக்கிவிட்டுப் பார்க்கும் கணக்கு. மலைச்சாலையில் காற்று உண்டு. சரிவின் இழுப்பு எடையோடு சேர்ந்து வளர்கிறது. காற்றின் எதிர்ப்போ எடையைப் பார்ப்பதில்லை, உடலின் முகப்பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் மட்டுமே பார்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்துக்கு மேல் வேகம் கூடாது. ஆகவே கனமான வண்டியின் உச்ச வேகம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் அது கூடுகிறது.

எண்களோடு சொல்கிறேன். 8 சதவீதச் சரிவு, ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, ஒடுங்கிப் படுத்த நிலை என்று வைத்துக்கொண்டால் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் வருகிறது. 20 கிலோ இரும்பை ஏற்றி 110 கிலோ ஆக்கினால் 88 அல்லது 89 கிலோமீட்டர். அதே 90 கிலோ ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் 53 கிலோமீட்டர்தான். இருபது கிலோ இரும்பு கொடுப்பது எட்டு ஒன்பது கிலோமீட்டர், முதுகை மடக்கிப் படுப்பது கொடுப்பது இருபத்தேழு கிலோமீட்டர் என்ற இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகும் பலர் ஈயத்தைத் தேடித்தான் போகிறார்கள்!

அந்த எட்டு ஒன்பது கிலோமீட்டரும் நீண்ட சரிவில்தான் கிடைக்கும். உச்ச வேகத்தை எட்ட ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். 200 மீட்டர் நீளமுள்ள சரிவில் 90 கிலோவுக்கும் 110 கிலோவுக்கும் வரும் வித்தியாசம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்தில் கலீலியோ ஏறக்குறைய ஜெயித்துவிடுகிறார்.

எடையின் விலையை மறுபக்கத்தில் பாருங்கள். உச்ச வேகத்தில் வண்டியிடம் இருக்கும் ஆற்றல், எடையும் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கல். வேகத்தின் வர்க்கமே எடையோடு வளர்வதால், ஆற்றல் எடையின் வர்க்கமாக ஏறுகிறது. 20 கிலோ ஏற்றி வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டியவர், பிரேக்கின் மேல் ஐம்பது சதவீதச் சுமையை ஏற்றியிருக்கிறார். எனவே எவ்வளவு எடை ஏற்றலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது: உங்கள் பிரேக் எவ்வளவைச் சிரமமில்லாமல் நிறுத்துகிறதோ அவ்வளவு. முதல் வண்டிக்கு எதுவும் ஏற்ற வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பிறகு ஏற்றுவதானால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, வளைவில் சாயும்போது தரையில் இடிக்காத அகலத்தில் எஃகுப் பட்டைகளைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். குழாய்க்குள் ஈயக்குண்டுகளைச் சும்மா கொட்டிவைத்தால் அவை ஓடி விளையாடும். ஈயத்தை வீட்டில் உருக்குவது கூடவே கூடாது. அதன் புகையும் தூசும் குழந்தைகள் உள்ள வீட்டில் நெடுநாள் தங்கி நஞ்சாகும்.

கேள்வி: பி.எம்.எக்ஸ். சைக்கிளில் இருக்கும் ரிம் பிரேக்கையே புதுக் கட்டை போட்டு வைத்துக்கொண்டால் போதாதா? (வாசகர், திருச்சி)

பதில்: போதாது. மேலே சொன்ன 110 கிலோ வண்டி 88 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 33,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். ரிம் பிரேக்கில் அந்த வெப்பம் நேரே ரிம்முக்குப் போகிறது. ரிம்முக்குள் டியூப் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் டியூபின் காற்று சூடேறி அழுத்தம் கூடி, முன்சக்கரம் வெடிக்கும் வாய்ப்பு உண்டு.

டிஸ்க் பிரேக் அந்த வெப்பத்தைச் சக்கரத்தின் மையத்துக்கு நகர்த்துகிறது. அதுவும் ஒன்று போதாது. 160 மில்லிமீட்டர் எஃகு டிஸ்க் ஒன்றின் எடை 120 கிராம் அளவுதான். 33,000 ஜூலையும் அது ஒன்றே வாங்கினால், காற்றுக்குப் போவதைக் கணக்கில் எடுக்காதபோது, அதன் வெப்பநிலை 500 டிகிரிக்கு மேல் உயரும். அந்த நிலையில் பிரேக் கட்டையின் பிடிப்பு விட்டுப்போகும். முன்னும் பின்னும் ஹைட்ராலிக் டிஸ்க், முன்னால் 180 மில்லிமீட்டருக்குக் குறையாத அளவு, உலோகத்தூள் கலந்த கட்டை என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனி நெம்புகோல், தனித்தனி எண்ணெய்க் குழாய் என்று இருக்க வேண்டும்; ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று வேலை செய்யும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ஃபோர்க்கில் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருக்காது. அதற்காக ஃபோர்க்கின் ஒரு காலில் சிறு தகடு வெட்டி ஒட்டுவார்கள். டிஸ்க் பிரேக்கின் விசை முழுவதும் அந்த ஒரு காலின் அடியில்தான் விழுகிறது. அதற்கென்று செய்யப்படாத மெல்லிய கால் வெல்டிங் ஓரத்தில் முறியும். டிஸ்க் பிரேக்குக்காகவே செய்யப்பட்ட 20 அங்குல எஃகு ஃபோர்க் மடக்கு சைக்கிள்களுக்கும் சரக்கு சைக்கிள்களுக்கும் கிடைக்கிறது. இந்த வண்டியில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் எது என்று கேட்டால் அந்த ஃபோர்க்கைத்தான் காட்டுவேன். பிரான்சைச் சேர்ந்த எரிக் பரோன் 2002-இல் நிகரகுவாவின் செரோ நெக்ரோ எரிமலைச் சரிவில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய ஓட்டத்தில், சைக்கிளின் முன்பாகம் முறிந்து தூக்கியெறியப்பட்டார். பலத்த காயங்களோடு பிழைத்து, 2017-இல் ஆல்ப்ஸ் மலையின் வார்ஸ் பனிச்சரிவில் 227 கிலோமீட்டரைக் கடந்தார். அவருக்குப் பின்னால் பொறியாளர்களும் மருத்துவர்களும் நின்றார்கள். நமக்குப் பின்னால் பட்டறைக்காரர் மட்டும்தான்.

நிற்கும் தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பிடிக்கும் பிரேக்கோடு, 8 சதவீத இறக்கத்தில், 88 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 70 மீட்டருக்கு மேல் ஆகும். கண் பார்த்துக் கை அழுத்துவதற்குள் ஒரு வினாடி போனால் இன்னும் 25 மீட்டர். வண்டி தாழ்ந்தும் நீண்டும் இருப்பது இங்கேயும் உதவுகிறது. உயரமான சைக்கிள், முன்பிரேக்கை ஓரளவுக்கு மேல் அழுத்தினால் பின்சக்கரத்தைத் தூக்கி ஆளை முன்னால் கவிழ்த்துவிடும், இது அவ்வளவு எளிதில் கவிழாது.

கேள்வி: டயர், பேரிங் பற்றிச் சில வார்த்தைகள்? (வாசகி, ஈரோடு)

பதில்: மண் தரைக்கான முள் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான தார்ச்சாலை டயர் போடுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்திருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் அதற்கு அருகில் காற்று இருக்கட்டும். ரிம்மின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் ரிம் சொல்வதையே கேளுங்கள். 36 கம்பிகள் உள்ள ரிம்மை வாங்கி, நல்ல கடையில் கோட்டம் எடுத்து வாங்குங்கள். 88 கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 950 முறை சுழலும் என்பதால், சக்கரத்தின் மையமான ஹப்பில் பழைய கோனும் உதிரிக்குண்டும் இருப்பதைவிட மூடிய பேரிங் இருப்பது நல்லது. பேரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் வேகம் பறக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அந்த வேகத்தில் காற்றோடு ஒப்பிட்டால் பேரிங்கின் தடை மிக அற்பம்.

கேள்வி: வேகமாக இறங்கும்போது ஹேண்டில் தானாகவே இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? (வாசகர், ஓசூர்)

பதில்: கையை இறுக்கக் கூடாது; உள்ளுணர்வு அதைத்தான் செய்யச் சொல்லும். இறுகிய கை அந்த ஆட்டத்துக்குள் தன்னையும் கட்டிப்போட்டுக்கொள்ளும். பிடியைத் தளர்த்தி, முழங்கால்கள் இரண்டையும் சட்டத்தோடு அழுத்தி, பின்பிரேக்கை முதலிலும் முன்பிரேக்கைப் பிறகும் மெதுவாகக் கொடுத்து வேகத்தைக் குறையுங்கள். சட்டம் முறுக்குக்கு வளைந்து கொடுப்பதும், ஹேண்டில் தண்டின் பேரிங் தளர்ந்திருப்பதும், எடை ஒருபக்கமாக இருப்பதும், சக்கரக் கோட்டமும் இதைத் தூண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ‘டக்’ என்று ஒரு தட்டல் கைக்குத் தெரிந்தால், அந்த பேரிங்கை இறுக்காமல் எங்கும் போகாதீர்கள்.

கேள்வி: கொல்லிமலைச் சாலையில் விடியற்காலை வண்டிகள் குறைவு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! அங்கே ஓட்டிப் பார்க்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்)

பதில்: கூடாது. வண்டிகள் குறைவு என்றால் வண்டி இல்லை என்று பொருளல்ல. காய்கறி ஏற்றிய வேன் ஒன்று வளைவுக்கு அப்பால் வருவது உங்களுக்குத் தெரியாது, மேலே சொன்ன வேகத்தில் 95 மீட்டருக்குள் உங்களால் நிற்கவும் முடியாது. மோட்டார் இல்லாததால் நாட்டின் சட்டம் பொருந்தாது என்றும் நினைக்க வேண்டாம். பாரதிய நியாய சம்ஹிதையின் 281-ஆம் பிரிவு பொதுவழியில் உயிருக்கு ஆபத்து விளையும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும். ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடமுண்டு.

கொலம்பியாவின் மெதெயின் நகரைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளில் இளைஞர்கள் எடை ஏற்றிய சைக்கிள்களோடு லாரிகளின் பின்னால் தொற்றிக்கொண்டு மேலே ஏறி, போக்குவரத்தின் நடுவிலேயே கீழே பாய்கிறார்கள். கைத்திறனில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அப்படியும் அந்தச் சாலைகளில் பலர் உயிர் போயிருக்கிறது. கைத்திறன் மட்டும் அங்கே போதவில்லை.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் வளைவுச்சாலை என்று ஒன்று இருக்கிறது. சாம் ஹில் என்பவர் 1909 முதல் 1913 வரை சொந்தச் செலவில் போட்ட அந்தப் பழைய சாலையில் இன்று மோட்டார் வாகனங்கள் ஓடுவதில்லை. இறக்கப் பந்தயக்காரர்கள் அனுமதி பெற்று அங்கே கூடியதுண்டு. சரிவு 5 சதவீதத்துக்கு மேற்படாதபடி அது கட்டப்பட்டது. நம் 110 கிலோ கணக்கை அங்கே வைத்தால் உச்ச வேகம் 68 கிலோமீட்டர்தான். உலகெங்கும் இருந்து பந்தயக்காரர்கள் தேடிச் சென்ற சாலையே அவ்வளவு மிதமானது என்பதைக் கொல்லிமலையை நினைத்து ஏங்குபவர்கள் கவனிக்க வேண்டும். எஸ்டேட், கல்லூரி வளாகம், ஆலை வளாகம் போன்ற தனியார் இடங்களில், உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு, இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி அடைத்த சாலையில் ஓட்டுங்கள்.

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் இதைக் கேட்டு அடம்பிடிக்கிறான். என்ன சொல்லி நிறுத்துவது? (ஒரு தாய், உதகமண்டலம்)

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, நான்கு சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்காவில் 1934-இல் டேட்டன் நகரில் நடந்து, மறு ஆண்டே ஆக்ரனுக்கு மாறிய சோப்புப்பெட்டி வண்டிப் பந்தயம் சிறுவர்கள் தாமே செய்த மோட்டார் இல்லாத வண்டிகளுக்கானது, இன்றும் நடக்கிறது. பலகை, நான்கு சிறு சக்கரம், கயிற்று ஸ்டியரிங், பிரேக் என்று மகனோடு ஒரு வண்டி செய்யுங்கள். கவிழ்ந்தாலும் விழும் உயரம் அரை அடிதான். அடைத்த, மிதமான சரிவும் ஹெல்மெட்டும் அதற்கும் வேண்டும்.

கேள்வி: வண்டி தயாராகிவிட்டது. முதல் ஓட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது? (வாசகர், மதுரை)

பதில்: முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், தோல் கையுறை, பைக் பந்தயக்காரர்கள் அணியும் தடித்த தோலாடை, கணுக்கால் மூடிய காலணி இவையில்லாமல் தொடங்க வேண்டாம். சரிவு நேராக இருக்கட்டும். முடிவில் சமதளமோ சிறு ஏற்றமோ இருந்து, பிரேக் இல்லாவிட்டாலும் வண்டி தானாக நிற்கும்படியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சைக்கிள் வேகமானியில் சக்கரச் சுற்றளவை அளந்து பதியுங்கள். 20 அங்குல டயருக்கு அது 1.54 மீட்டர் அளவில் வரும். உச்சியிலிருந்து தொடங்காமல், வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாத உயரத்திலிருந்து தொடங்கி, அங்கே முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். புதுப் பிரேக் கட்டைகளை இப்படிப் பலமுறை பிடித்து விட்டுப் பழக்கினால்தான் முழுப் பிடிப்பு வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வெல்டிங் இடங்களைத் துடைத்து, விரிசலோ பெயின்டில் மயிரிழைக் கோடோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. தெரியாவிட்டால், அடுத்த முறை ஐந்து கிலோமீட்டர் மட்டும் கூட்டும் அளவுக்கு மேலேறித் தொடங்குங்கள்.